சவோய் நடனக்கூடமும் ஆடுவோரின் உரிமையும்

நடனம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது மேடைதான். ஒருவர் ஆடுவார், பலர் பார்த்திருப்பர். கும்மி, கோலாட்டம் என ஊரே கூடி ஆடிய மரபு எம்மிடம் இருந்தபோதிலும், காலப்போக்கில் அவையும் பாடசாலை விழாக்களின் மேடை நிகழ்ச்சிகளாகிவிட்டன. ஆணும் பெண்ணும் கைகோத்துச் சோடியாக ஆடும் நடனம் என்றால், கொழும்பின் நட்சத்திர விடுதிகளில் டிசம்பர் 31ஆம் திகதி இரவு வசதி படைத்தோர் ஆடுவது என்ற எண்ணமே எம்மவரில் பலருக்கு உண்டு.

அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய ஒரு வரலாறு நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களும் சுமை தூக்குவோரும் மின்தூக்கி இயக்குவோரும் ஆடி வளர்த்த ஒரு சோடி நடனத்தினதும், அதற்கு இடம் கொடுத்த ஒரு கூடத்தினதும் வரலாறு அது. நான் ஆடத் தெரிந்தவன் அல்லன். ஆயினும் மக்கள் கூடி மகிழ்வதற்கான ஓர் இடம் எவ்வாறு உருவாகிறது, சட்டமும் வரியும் நகரத் திட்டங்களும் சேர்ந்து அதனை எவ்வாறு இல்லாமற் செய்கின்றன என்பது நீண்டகாலம் செய்தித்துறையில் இருந்த எனக்குப் பெரிதும் அக்கறைக்குரிய விடயம்.

கயிறு கட்டாத தளம்

சவோய் நடனக்கூடம் 1926 மார்ச் 12ஆம் திகதி திறக்கப்பட்டது. லெனொக்ஸ் அவெனியூவில் 140ஆம் வீதிக்கும் 141ஆம் வீதிக்கும் இடைப்பட்ட முழு நீளத்தையும் அந்தக் கட்டடம் பிடித்திருந்தது. கூடம் இருந்தது மேல்மாடியில். உரிமையாளர்களில் முதன்மையானவர் மோ கேல் என்ற யூத வர்த்தகர். நாளாந்த நிருவாகத்தைக் கொண்டு நடத்தியவர் சார்ள்ஸ் புக்கானன் என்ற கறுப்பினத்தவர். ஒரே நேரத்தில் சுமார் 4000 பேர் கொள்ளக்கூடிய அக்கூடத்தின் தரை மேபிள் மரப் பலகைகளால் ஆனது. ஆடுவோரின் கால்கள் களைக்காதபடி சற்றே மீள்தன்மையுடன் அது அமைக்கப்பட்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் சப்பாத்துகள் தேய்த்ததால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையையே மாற்ற வேண்டியிருந்தது. இசைக்குழுக்களுக்கு அருகருகே இரண்டு மேடைகள். ஒரு குழு ஓயும்போது மற்றக் குழு தொடங்கும். எனவே இரவு முழுவதும் ஆட்டம் நிற்பதில்லை.

அக்காலத்து அமெரிக்காவை நினைவிற் கொண்டால்தான் இக்கூடத்தின் முக்கியத்துவம் விளங்கும். அதே லெனொக்ஸ் அவெனியூவில் சில அடிகள் தள்ளி இருந்தது புகழ்பெற்ற கொட்டன் கிளப். அங்கே மேடையில் ஆடியவர்களும் இசைத்தவர்களும் கறுப்பினத்தவர்கள்; மேசைகளில் அமர்ந்து பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள் வெள்ளையினத்தவர்கள். அமெரிக்காவின் வேறு பல இடங்களில் ஒரே நடனக்கூடத்தின் நடுவே கயிறு கட்டி இரு இனத்தவரையும் பிரித்து ஆடவைத்தார்கள். சவோயின் தளத்தில் கயிறு இருக்கவில்லை. வாசலில் சில பத்துச் சதங்களைக் கொடுத்த எவரும் உள்ளே வரலாம். எவரும் எவரையும் ஆட அழைக்கலாம்.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அங்கே ஒரு தன்மை இருந்தது. செவ்வாய்க்கிழமை தேர்ந்த ஆட்டக்காரருக்கு உரியது. சனிக்கிழமைகளில் நகரின் பிற பகுதிகளிலிருந்து வரும் கூட்டத்தால் ஆட இடமே இராது. வியாழக்கிழமை இரவை 'அடுக்களை மெக்கானிக்குகளின் இரவு' என்று பகிடியாக அழைத்தார்கள். வெள்ளையினக் குடும்பங்களில் சமையற்காரிகளாகவும் பணிப்பெண்களாகவும் இருந்த கறுப்பினப் பெண்களுக்கு அன்றுதான் மாலை விடுமுறை. ஆறு நாட்கள் பிறர் வீட்டில் தலைகுனிந்து நின்றவர்கள் ஏழாம் நாள் தமக்குப் பிடித்த உடையணிந்து, தமக்குப் பிடித்தவருடன், நாட்டின் மிகச் சிறந்த இசைக்குழுவுக்கு ஆடினார்கள். ஒரு நடனக்கூடம் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

லிண்டி ஹொப்

சவோயில் வளர்ந்து முதிர்ந்த நடனத்தின் பெயர் லிண்டி ஹொப். சார்ள்ஸ் லிண்ட்பேர்க் 1927 மே மாதத்தில் தன்னந்தனியாக விமானமோட்டி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த செய்தியிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய சோடி நடனங்கள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஆரம்பம் முதல் முடிவு வரை அணைத்த நிலையிலேயே இருப்பர். லிண்டி ஹொப் அந்த அணைப்பைத் திறந்துவிட்டது. எட்டு எண்ணிக்கைக்குள் இருவரும் நெருங்கி, சுழன்று, கையெட்டும் தூரத்துக்கு விலகி, மீண்டும் நெருங்குவர். விலகியிருக்கும் அந்தக் கணத்தில் இருவருமே தத்தம் கற்பனைக்கேற்ப ஆடலாம். ஒருவர் வழிகாட்ட மற்றவர் தொடர்கின்றார் என்பது பொது விதி. ஆனால் தொடர்பவர் தனக்கென ஒன்றைச் சேர்க்காவிட்டால் ஆட்டம் சோபிப்பதில்லை. முன்பின் அறியாத இருவர் ஒரு பாடல் முடியும்வரை சொல்லின்றி உரையாடுவது போன்றது இது. பாடல் முடிந்ததும் நன்றி சொல்லி அடுத்தவருடன் ஆடச் செல்வார்கள்.

கூடத்தின் ஒரு மூலை சிறந்த ஆட்டக்காரருக்கென விடப்பட்டிருந்தது. அந்த மூலையிலிருந்து எழுந்தவர்தான் பிராங்கி மானிங். 1914இல் புளோரிடா மாநிலத்தில் பிறந்து சிறுவயதில் நியூயோர்க் வந்தவர். 1935இல் சவோயில் நடைபெற்ற ஒரு போட்டியில் தன் சோடியைத் தன் முதுகின் மேலாகப் புரட்டித் தாளம் தவறாமல் தரையில் இறக்கினார். இந்நடனத்தின் வானெழும் அசைவுகள் அன்று தொடங்கின. நோர்மா மில்லர் சவோயின் பின்புற வீதியில் வளர்ந்த சிறுமி. உள்ளே செல்லும் வயது வருமுன்பே, தன் வீட்டின் பின்புறத்திலிருந்து சவோயின் யன்னல்களில் தெரிந்த ஆட்டக்காரரைப் பார்த்துப் பழகியவர். கூடத்தின் காவலர்களில் ஒருவரான ஹெர்பேர்ட் வைட் இத்தகைய இளைஞர்களை ஒரு குழுவாகத் திரட்டினார். 1941இல் வெளிவந்த 'ஹெல்சபொப்பின்' திரைப்படத்தில் அக்குழுவினர் ஆடிய சில நிமிடங்களை இன்று எவரும் இணையத்தில் காணலாம். படத்தில் அவர்கள் வருவது சமையற்காரர், பணியாளர் உடைகளில் என்பதையும் கவனியுங்கள்.

நடனம் இசையையும் மாற்றியது. சவோயில் ஆட்டக்காரரின் கால்கள் நின்றுவிட்டால் அந்த இசைக்குழு தோற்றுவிட்டது என்று பொருள். முள்ளந்தண்டுக் காசநோயால் கூனிப்போன சிறிய உருவத்தினரான சிக் வெப் அங்கே ட்றம்ஸ் வாசித்து ஒரு குழுவை நடத்தினார். எல்லா பிட்ஸ்ஜெரால்ட் என்ற பாடகி உலகப் புகழுக்குப் புறப்பட்டது அக்குழுவிலிருந்துதான். 1937 மே 11ஆம் திகதி, அன்றைய அமெரிக்காவின் மிகப் பிரபலமான வெள்ளையின இசைக்குழுத் தலைவரான பெனி குட்மன் தன் குழுவுடன் சவோயில் சிக் வெப்பை எதிர்கொண்டார். உள்ளே இடமின்றி ஆயிரக்கணக்கானோர் வீதியில் நின்றனர். வெற்றி சிக் வெப்புக்கே என்று தளத்தில் நின்றோர் முடிவுசெய்தனர். குட்மனின் ட்றம்ஸ் கலைஞர் ஜீன் குரூப்பா, சிக் வெப்பின் முன் தலைவணங்கினார்.

பூட்டு, வரி, இடிப்பு

இத்தகைய இடம் அதிகாரத்தின் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? சவோய் திறக்கப்பட்ட அதே 1926இல்தான் நியூயோர்க் மாநகரசபை கபரே சட்டத்தை இயற்றியது. உணவோ குடிவகையோ பரிமாறும் இடத்தில் விசேட அனுமதிப்பத்திரம் இன்றி மூவருக்கு மேல் ஆடுவது குற்றம் என்றது அச்சட்டம். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் கலந்து ஆடிய இடங்களைக் கட்டுப்படுத்த அது பயன்பட்டதாக வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர்.

1943 ஏப்ரல் மாதத்தில் சவோயின் கதவு பூட்டப்பட்டது. அங்கு சந்தித்த பெண்களிடமிருந்து இராணுவத்தினருக்குப் பாலியல் நோய் தொற்றியது என்பது அதிகாரிகள் கூறிய காரணம். வெள்ளையினப் பெண்கள் கறுப்பின ஆண்களுடன் ஆடுவதைப் பொறுக்காமையே உண்மையான காரணம் என்று ஹார்லெம் மக்களும் அவர்களது தலைவர்களும் உறுதியாக நம்பினார்கள். நகரின் மையத்திலிருந்த விடுதிகளுக்கு அவ்வாறு பூட்டு விழவில்லை என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். சவோய் பூட்டிக் கிடந்த அதே கோடையில், ஆகஸ்ட் 1ஆம் திகதி, கறுப்பினச் சிப்பாய் ஒருவர் வெள்ளையினப் பொலிஸ்காரரால் சுடப்பட்டுக் காயமடைந்ததை அடுத்து ஹார்லெமில் கலவரம் மூண்டது. ஆறு பேர் உயிரிழந்தனர். நடனக்கூடத்தைப் பூட்டியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் இரு இனத்தவரும் சமமாகச் சந்தித்த ஒரு பெரிய இடத்தைப் பூட்டிவிட்ட நகரம், தன் மக்களுக்கு என்ன செய்தியைச் சொன்னது என்பது சிந்திக்கத்தக்கது. அக்டோபர் மாதத்தில் கூடம் மீண்டும் திறக்கப்பட்டது.

அடுத்த அடி வரியாக வந்தது. யுத்தச் செலவுக்கென 1944இல் அமெரிக்க மத்திய அரசு, உணவும் குடியும் பரிமாறி ஆடவும் பாடவும் இடம்தரும் விடுதிகளின் மீது 30 வீத வரி விதித்தது. அதே ஆண்டு அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டபோதிலும் யுத்தம் முடிந்த பின்னும் நீடித்தது; 1965இலேயே முற்றாக ஒழிந்தது. பாட்டும் ஆட்டமும் இன்றி வாத்திய இசை மட்டும் வழங்கினால் வரியில்லை. ஆகவே சிறிய விடுதிக்காரர் ஆடுதளத்தின் மேல் மேசைகளைப் போட்டனர். 'இங்கு ஆடக்கூடாது' என்ற அறிவித்தல்கள் தோன்றின. ஜாஸ் இசை எழுந்து ஆடுவதற்குரிய இசை என்ற நிலை மாறி, அமர்ந்து கேட்பதற்குரிய இசையாகியதற்கு வேறு கலைக் காரணங்களும் உண்டு. எனினும் வரியின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இறுதி அடி நகரத் திட்டம். வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் தேவைப்பட்டது. 1958இல் சவோய் மூடப்பட்டது, உள்ளிருந்த பொருட்கள் ஏலத்தில் விற்கப்பட்டன, அதன் பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த மாடிவீட்டுத் தொகுதிக்கு டெலானோ விலேஜ் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் அதன் பெயரை 'சவோய் பார்க்' என்று மாற்றினார்கள். கூடத்தை இடித்த இடத்துக்கு அந்தக் கூடத்தின் பெயரே விளம்பரமாயிற்று.

தபாற்காரரின் மீள்வரவு

கூடம் போனதும் நடனமும் போய்விட்டது. 1960களில் டுவிஸ்ட் போன்ற, சோடியின்றித் தனித்து ஆடும் ஆட்டங்கள் உலகை ஆட்கொண்டன. பிராங்கி மானிங் 1950களின் நடுப்பகுதியிலேயே தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று தசாப்தங்கள் அங்கே பணியாற்றினார்.

1980களில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் இருந்த சில இளைஞர்கள் பழைய திரைப்படத் துண்டுகளைப் பார்த்து, இதை ஆடியவர்கள் எங்கே என்று தேடத் தொடங்கினர். பழைய குழுவைச் சேர்ந்த அல் மின்ஸ் 1984இல் சுவீடன் சென்று கற்பித்தார். மறு ஆண்டு இறந்துபோனார். 1986இல் பிராங்கி மானிங்கைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த இளம் ஆட்டக்காரர்கள் தேடிப் பிடித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அவர் மீண்டும் ஆடவும் கற்பிக்கவும் தொடங்கினார். ஸ்டொக்ஹோமுக்கு வடக்கேயுள்ள ஹெராங் என்ற சிறு கிராமத்தில் 1982 முதல் நடைபெற்றுவரும் நடன முகாம், உலகெங்குமிருந்து ஆட்டக்காரர் கூடும் இடமாயிற்று. 1989இல் பிராட்வேயின் 'பிளக் அன்ட் புளூ' நிகழ்ச்சிக்கான நடன அமைப்புக்காக, வேறு மூவருடன் இணைந்து, மானிங் டோனி விருது பெற்றார். 2002இல் சவோய் நின்ற இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டபோது மானிங்கும் நோர்மா மில்லரும் அங்கிருந்தனர். மானிங் 2009 ஏப்ரலில், 95 வயதை எட்ட ஒரு மாதமே இருந்த நிலையில் காலமானார். நோர்மா மில்லர் 2019இல் தமது 99ஆவது வயதில் மறைந்தார். கபரே சட்டம் 2017இலேயே நீக்கப்பட்டது. அப்போது அந்த மாபெரும் நகரில் ஆடுவதற்கான அனுமதிப்பத்திரம் வைத்திருந்த இடங்கள் நூறுக்கும் குறைவு.

இவ்வரலாறு எனக்கு உணர்த்தும் விடயம் ஒன்று உண்டு. ஒரு கவிதை ஏட்டில் உறங்கிக் கிடந்து பின்னொரு நாள் விழிக்கலாம். சோடி நடனத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஒரு தரை வேண்டும், இசை வேண்டும், அறியாதவரையும் கைகொடுத்து அழைக்கும் பழக்கம் வேண்டும். லிண்டி ஹொப் மீண்டது அதிர்ஷ்டத்தால். முதியவர்கள் சிலர் உயிருடன் இருந்ததால். இன்னும் பல ஆண்டுகள் பிந்தியிருந்தால் திரைப்படத் துண்டுகள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

2020இல் பெருந்தொற்று உலகெங்கும் நடனக்கூடங்களை மூடவைத்தபோது இதே அச்சம் மீண்டும் எழுந்தது. மீளத் திறக்கப்பட்ட கூடங்களும் வாடகை உயர்வோடும் சத்தம் பற்றிய அயலவரின் முறைப்பாடுகளோடும் போராட வேண்டியுள்ளது. புலம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருப்பீர்களாயின், உங்கள் பகுதியிலும் வாரத்தில் ஓரிரவு மேசைகளை ஒதுக்கிவைத்து ஆட இடம்தரும் ஒரு மண்டபம் இருக்கக்கூடும். பெரும்பாலும் தொடக்க வகுப்பும் அங்கேயே நடக்கும், சோடியுடன் போகவேண்டியதில்லை. நுழைவுக் கட்டணத்தைக் கொடுத்து உள்ளே செல்லுங்கள். விழா நாட்களில் கூட்டம் தானாக வரும். கூட்டம் குறைந்த வியாழக்கிழமையில் செல்லுங்கள். அந்தக் கட்டணத்தில்தான் அடுத்த மாத வாடகை தங்கியிருக்கிறது.