கச்சேரி மேடையும் குற்றக் கூண்டும்

பெங்களூரு அனுமந்தநகரில் ஒரு சிறு குன்று இருக்கிறது. உச்சியில் குமாரசுவாமி கோயில். குன்றின் பெயர் ‘நரஹரிராயன குட்டா’. நரஹரி ராவ் மைசூர் சமஸ்தானத்தின் உயர் நீதிமன்ற நீதிபதி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவருடைய ஆதரவில் இந்த ஊரில் வாழ்ந்து, பாடி, பெயர் பெற்றவர் நாகரத்தினம்மாள். நீதிபதியின் பெயர் குன்றோடு ஒட்டிக்கொண்டது. பாடகியின் பெயரோடு ஊர் ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்து அரை நூற்றாண்டு தமிழ்நாட்டில் வாழ்ந்தபோதும் அவர் ‘பெங்களூர் நாகரத்தினம்மாள்’தான்.

இருவருக்கும் இருந்த உறவுக்காக நீதிபதியின் மதிப்பு குறையவில்லை. அதே உறவும், பிறந்த குலமும் நாகரத்தினம்மாளுக்குக் கடைசி வரை களங்கமாகவே சொல்லப்பட்டன.

இசைக் கலைஞர் ஒருவரின் பழைய நடத்தை வெளியே வரும்போதெல்லாம், ரசிகர்கள் அவரை மன்னிக்கலாமா என்று ஒரு கேள்வி எழுகிறது. பாட்டு வேறு, ஆள் வேறு என்கிறது ஒரு கட்சி. அந்தக் குரலைக் கேட்கவே கூசுகிறது என்கிறது இன்னொரு கட்சி. இரண்டும் நேற்று முளைத்தவை போலப் பேசுகிறோம். ஆனால் கர்நாடக இசை உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகவே கலைஞர்களுக்குத் தீர்ப்பு வழங்கி வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகளை அடுக்கிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

நாகரத்தினம்மாள் 1878-ல் நஞ்சன்கூட்டில், தேவதாசி குலத்தில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி. அவர் மகளுக்கு இசையோடு நிற்காமல் சமஸ்கிருதமும் கன்னடமும் தெலுங்கும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். தாயின் மறைவுக்குப் பிறகு பெங்களூரில் முனுசாமப்பாவிடம் பாட்டுப் பயிற்சி தொடர்ந்தது. மைசூர் அரண்மனையில் பாடினார். சென்னைக்கு வந்து, சொந்த வருமானத்தில் வீடும் நகையும் சேர்த்தார். எவர் தயவும் வேண்டாத நிலைக்கு உயர்ந்தார். அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1909-ல் மைசூர் அரசு, கோயில்களில் தேவதாசிகளின் பணியை நிறுத்தி உத்தரவிட்டது. அவர் பிறந்த அதே நஞ்சன்கூட்டில் கோயில் தாசிகள் அரசிடம் முறையிட்டும் பலன் இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் சிறுமிகளுக்குக் கொடுமை செய்தது என்பதில் சந்தேகமில்லை. அது ஒழிந்தது நல்லதே. ஆனால் வழக்கத்தை நடத்தியவர்களும் அனுபவித்தவர்களும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ள, பழி மொத்தமும் பெண்கள் தலையில் விழுந்ததை நல்லது என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு, 1910-ல், அவர் ஒரு புத்தகம் பதிப்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ அது. ஊடல் கொண்ட ராதையைக் கண்ணன் சமாதானப்படுத்தும் காவியம், ஒரு பெண்ணின் ஆசையைப் பெண்ணே எழுதியது. முத்துப்பழனியும் தேவதாசி. ஏற்கெனவே அச்சில் வந்திருந்த பதிப்பில் முத்துப்பழனி தன் வம்சத்தைப் பற்றிச் சொன்ன முன்பகுதியும் சில பாடல்களும் காணாமல் போயிருந்தன. நாகரத்தினம்மாள் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, விடுபட்டதையெல்லாம் சேர்த்து, சென்னை வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். ஒரு பாடகி செய்த பாடபேத ஆராய்ச்சி இது. தமிழ் இதழ்கள் இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டிய சாதனை.

எதிர்ப்பு உடனே வந்தது. சமூக சீர்திருத்தத்தின் பெரும் பெயரான கந்துகூரி வீரேசலிங்கம் முன்பே முத்துப்பழனியைப் பழித்து எழுதியிருந்தார். பெண்ணின் வாயில் வரக்கூடாத சொற்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நாகரத்தினம்மாள் தன் முன்னுரையிலேயே அவருக்குப் பதில் சொன்னார். கூச்சம் என்பது பெண்ணுக்கு மட்டும் இயல்பானதா, ஆண்கள் எழுதினால் அது பொருந்தாதா என்று கேட்டார். வீரேசலிங்கம் பார்வையிட்டு அச்சேறிய ‘வைஜயந்தி விலாசம்’ இதைவிடப் பச்சையாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை. எழுதியவளும் தாசி, பதிப்பித்தவளும் தாசி என்று ஒரு பத்திரிகை முடித்துக்கொண்டது. 1911-ல் ஆங்கில அரசு ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைக் கைப்பற்றியது. பண்டிதர்கள் பலர் தடைக்கு எதிராக மனுக் கொடுத்தும் அரசு அசையவில்லை. 1947-ல், அரசியல் தலைவர் தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் தடை நீங்கியது. 36 ஆண்டுகள்!

திருவையாற்றுக் கதை இதைவிடக் கசப்பானது. 1921-ல், அவருடைய இன்னொரு குரு பிடாரம் கிருஷ்ணப்பா ஒரு கடிதம் எழுதினார்: தியாகராஜரின் சமாதி புதர் மண்டிக் கிடக்கிறது, உன்னால் ஏதாவது செய்ய முடியுமா. நாகரத்தினம்மாள் நகைகளை விற்றார். நிலம் வாங்கி, சமாதிக்கு மேல் கோயில் எழுப்பி, விக்கிரகம் வைத்துக் குடமுழுக்கு நடத்தினார். கட்டி முடித்தவருக்கு அங்கே ஆராதனையில் பாட இடம் கிடைக்கவில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டுக்கொண்ட வித்வான்கள், பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1927-ல் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனி ஆராதனை தொடங்கினார். ஊர் அதைப் ‘பெண்கள் கட்சி’ என்றது. 1941-ல் எல்லாக் கட்சிகளும் இணைந்து ஒரே ஆராதனையாக நடந்தபோது பெண்களுக்கும் பாடும் உரிமை வந்தது. தியாகராஜர் சந்நிதியில் இன்று பஞ்சரத்தினம் பாட உட்காரும் ஒவ்வொரு பெண்ணும் அவர் உண்டாக்கித் தந்த இடத்தில் உட்கார்கிறார்.

இனி ஆண்கள் பக்கம் வருவோம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், 1927-ல் சக நாடகப் பாடகி கே.பி. சுந்தராம்பாளை மணந்தார், பிறகு விலகினார். 1933-ல் கிட்டப்பா 28 வயதுக்குள் இறந்ததும் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், ஆயுள் முழுவதும் அதிலேயே இருந்தார். ரசிகர்கள் அந்தப் புடவையைத் தெய்விகமாகப் பார்த்தார்கள். கிட்டப்பா நடந்துகொண்ட விதத்தை யாரும் கேட்கவில்லை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் குடியும் கோபமும், கச்சேரிக்கு நேரத்தில் வராத வழக்கமும் ஊரறிந்தவை. இன்றைக்கும் அவை ரசமான கதைகளாகத்தான் சொல்லப்படுகின்றன. அந்தத் தோடியைக் கேட்டவர்கள் அவரை மன்னித்தது புரிகிறது; இந்தக் கட்டுரையாளரும் அந்த இசைத்தட்டுகளின் அடிமை. ஆனால் ஒரு பெண் வித்வாம்சினி மேடைக்கு அப்படி வந்திருந்தால் அது ரசமான கதையாகியிருக்குமா?

நடிகரும் பாடகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் கதை வேறு மாதிரி. 1944 நவம்பரில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவருக்கும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. கிருஷ்ணனுக்கு மக்கள் மீண்டும் மாலை போட்டார்கள். பாகவதரின் ‘ராஜ முக்தி’ படமோ ஓடவில்லை, பழைய இடம் அவருக்குத் திரும்பவே இல்லை. சினிமாவின் ருசி மாறியதும் இதற்குக் காரணம். ஒரே வழக்கு, ஒரே விடுதலை. மக்கள் தந்த முடிவுகள் மட்டும் இரண்டு. ரசிகரின் நீதிமன்றத்துக்குச் சட்டப் புத்தகம் கிடையாது.

அந்த நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் நேரில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1981 டெல் அவிவ் ஒரு சாட்சி. யூத வெறுப்பைப் பரப்பியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர், ஹிட்லர் கொண்டாடியவர். இஸ்ரேல் இசைக்குழு 1938 முதல் அவர் இசையைத் தவிர்த்து வந்தது. அதன் நடத்துநர், பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா அன்று நிகழ்ச்சியின் முடிவில் வாக்னரை வாசிக்கப் போவதாக அறிவித்தார். விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்றும் சொன்னார். அரங்கின் பணியாளர் ஒருவர் மேடையேறித் தன் உடம்பில் இருந்த வடுக்களைத் திறந்து காட்டினார். வாக்னரின் இசை எவ்வளவு உயர்ந்தது என்ற வாதத்துக்கு அந்த வடுக்களின் முன் வேலை இல்லை.

நம் ஊரில் அந்தக் கணம் 2018 அக்டோபரில் வந்தது. இசை கற்க வந்த பெண்களிடமும் சக கலைஞர்களிடமும் தவறாக நடந்துகொண்டதாகப் பல வித்வான்கள் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு டிசம்பர் விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. நீக்கியதால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை. அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனாலும் 1928-ல் தொடங்கிய அகாடமி, 1968 வரை ஒரு பெண்ணுக்கும் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் தராத அதே அகாடமி, பெண்களின் சொல்லைக் கேட்டு ஆண்களின் மேடையை நிறுத்தி வைத்தது பெரிய திருப்பம். அப்போதும் சிலர் உடனே மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எவ்வளவு பெரிய ஞானம், ஒரு தவறுக்காக இழப்பதா என்றார்கள். புகார் சொன்னதால் பாட்டையே விட்டுவிட நேரும் பெண்ணின் ஞானம் அந்தக் கணக்கில் வரவில்லை.

மன்னிக்கும் உரிமை ரசிகருக்கு இல்லை. காயம் பட்டவர் மன்னித்தால் அது மன்னிப்பு. முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுபவர் மன்னித்தால் அது தன் ரசனைக்குத் தானே தந்துகொள்ளும் அனுமதிச் சீட்டு. பழைய இசைத்தட்டைக் கேட்பதும் கேட்காததும் அவரவர் மனசாட்சி. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு மேடையும் மாணவிகளும் பட்டமும் தருவது அப்படியல்ல. அது ஊரின் பொறுப்பு.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. குருவின் வீட்டுக் கூடத்தில் தம்புராவோடு உட்காரும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது தெரியுமா? பெங்களூரிலோ சென்னையிலோ அடுத்த முறை சீசன் டிக்கெட் வாங்கும் வாசகர்கள், அந்தச் சபாவின் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், பதில் வரும் வரை டிக்கெட் வாங்காதீர்கள்.