எதிரி மாறிய கதை: தாணேயிலிருந்து மராத்வாடாவுக்கு

மும்பை, தாணே வட்டாரத்துத் தமிழர் வரலாற்றில் ஒரு புதிர் உண்டு. 1966இல் தங்களை விரட்டுவதையே முதல் முழக்கமாகக் கொண்டு எழுந்த சிவசேனாவின் கொடியை, முப்பது ஆண்டுகளுக்குள் தமிழர் குடியிருப்புகளிலும் காண முடிந்தது. இதை மறதி என்பார் சிலர். பிழைக்க வந்த இடத்தில் செய்துகொண்ட சமரசம் என்பார் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மாற்றம் தமிழரிடமிருந்து தொடங்கவில்லை, கட்சியிடமிருந்தே தொடங்கியது. நகரத்துக் கட்சிக்குக் கிராமத்து வாக்கு தேவைப்பட்டபோது, அதன் எதிரி மாறினான்.

1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. மொழிக்காகப் போராடிப் பெற்ற மாநிலம் அது. ஆனால் தலைநகரின் மூலதனம் பெரும்பாலும் குஜராத்தி, மார்வாடி வணிகர் கையில் இருந்தது. அலுவலகங்களில் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கு எழுதும் வேலைகளில் தமிழரும் மலையாளிகளும் கன்னடரும் தெலுங்கரும் கணிசமாக இருந்தனர். அதே ஆண்டு பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், பெரிய நிறுவனங்களின் தென்னிந்திய அலுவலர்களுடைய பெயர்ப் பட்டியல்களைப் பின்னாளில் வெளியிடத் தொடங்கியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. லுங்கியை விரட்டு, மகுடியை ஊது என்னும் பொருள்பட்ட முழக்கம் தெருக்களில் ஒலித்தது. நான்கு மொழியினரும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

அந்நாளில் நகர மக்கள்தொகையில் தென்னிந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குஜராத்திகளோ அதைவிடப் பன்மடங்கு செல்வமும் கூடுதல் எண்ணிக்கையும் உடையவர்கள். இருந்தும் கோபம் முதலாளியை நோக்கித் திரும்பாமல் பக்கத்து மேசை எழுத்தரை நோக்கித் திரும்பியது. வேலை தேடிய மராத்தி இளைஞனின் கண்ணுக்கு எளிதில் தெரிந்த போட்டியாளன் அவனே. தென்னிந்தியர் நடத்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்த குடும்பங்கள் அச்சத்தில் வாழ்ந்தன. அந்த அரசியல் கண்ட முதல் தேர்தல் வெற்றி 1967இல் தாணே நகராட்சியில் கிடைத்தது. மறு ஆண்டே மும்பை மாநகராட்சியில் சேனா 42 இடங்களைப் பிடித்தது.

மத வெறுப்பு அப்போதும் இல்லாமல் இல்லை. 1970 மே மாதம் தாணே மாவட்டத்தின் விசைத்தறி நகரான பிவண்டியில் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தையொட்டிப் பெருங்கலவரம் மூண்டது; அதை விசாரித்த நீதிபதி மதோன் ஆணையம் மதவாத அமைப்புகளின் பொறுப்பை விரிவாகப் பதிவு செய்தது. ஆனால் அதே எழுபதுகளில் மாநகராட்சி அரசியலில் சேனா முஸ்லிம் லீக்குடன் கைகோத்ததும் நடந்தது. அதாவது, மதம் அன்று மாறாத கொள்கையாக இல்லை. வேண்டும்போது எடுக்கவும் வேண்டாதபோது வைக்கவும் கூடிய கருவியாகவே இருந்தது.

அந்நாள்வரை சேனா மும்பை, தாணே எல்லையைத் தாண்டி வேரூன்றவில்லை. 1985இல் மும்பை மாநகராட்சியை வென்ற கட்சிக்கு, அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் கிடைத்தது ஒரே ஓர் இடம்; வென்றவர் சகன் புஜ்பல். கிராமப்புற மகாராஷ்டிரம் காங்கிரசின் கோட்டை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மாவட்டக் கூட்டுறவு வங்கி, மாவட்டப் பரிஷத் என்னும் மூன்று தூண்களில் அது நின்றது. பீட் மாவட்டத்து உழவனுக்கோ பர்பணியின் பருத்தி விவசாயிக்கோ தமிழ்த் தட்டச்சர் யார் என்றே தெரியாது. அவன் வயலுக்கும் மாட்டுங்காவின் காப்பிக் கடைக்கும் எந்தப் பகையும் இல்லை. நகரத்தில் வாக்கு ஈட்டித் தந்த வெறுப்பு கிராமத்தில் செல்லாக் காசாயிற்று.

செல்லும் காசுக்கான ஒத்திகை தாணே மாவட்டத்திலேயே நடந்தது. கல்யாண் அருகே மலங்கட் மலையில் ஹாஜி மலங் தர்கா உள்ளது. அதன் அறங்காவல் பொறுப்பில் தலைமுறை தலைமுறையாக ஒரு பிராமணக் குடும்பம் இருந்துவருகிறது. இரு சமயத்தாரும் அங்கு வழிபட்டு வந்தனர். எண்பதுகளில் தாணே சேனாவின் தலைவர் ஆனந்த் திகே, அது நாத சித்தர் மச்சிந்திரநாதரின் சமாதி என்று கூறிப் போராட்டம் தொடங்கினார். 1984 மே மாதம் பிவண்டி மீண்டும் எரிந்தது. தீ தாணேக்கும் மும்பைக்கும் பரவியது. ‘மண்ணின் மைந்தன்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘இந்து’ என்ற சொல் வந்து அமர்ந்தது.

அச்சொல்லை ஏற்க மராத்வாடாவில் நிலம் பண்பட்டிருந்தது. 1948 செப்டம்பர் வரை அப்பகுதி ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. ரசாக்கர் படையின் கொடுமைகள் ஊர் நினைவில் இருந்தன. இந்திய இராணுவ நடவடிக்கைக்குப் பின் முஸ்லிம் மக்கள்மீது நடந்த பழிவாங்கல் கொலைகளும் அதே மண்ணில் நிகழ்ந்தவையே. அவை மேடைகளில் பேசப்படவில்லை. பாசனமும் ஆலைகளும் மேற்கு மகாராஷ்டிரத்தோடு நின்றுவிட, படித்த மராத்வாடா இளைஞர் வேலையின்றி நின்றனர். 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டச் சட்டமன்றம் தீர்மானித்தபோது தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பெயர் மாற்றத்தைச் சேனாவும் எதிர்த்தது. சாதிப் பகை கிராமத்தை இரண்டாக்கியிருந்த நேரத்தில், முஸ்லிம் எதிர்ப்பு பிளவுபட்ட சாதிகளை ஒரே அணியில் நிறுத்தப் பயன்பட்டது.

1988இல் ஔரங்காபாத் மாநகராட்சித் தேர்தலில் சேனா தனிப்பெருங்கட்சியானது. நகரின் பெயரைச் சம்பாஜி நகர் என மாற்றும் கோரிக்கை அவ்வாண்டு எழுந்தது. சேனாவின் சின்னம் வில் அம்பு. அதை வைத்து, கான் வேண்டுமா பாண் வேண்டுமா என்ற முழக்கம் பிறந்தது. ‘பாண்’ என்றால் மராத்தியில் அம்பு. 1989இல் பாரதிய ஜனதாவுடன் கூட்டணி அமைந்தது. 1985இல் ஓர் இடம் பெற்ற கட்சி 1990இல் 52 இடங்களையும், 1995இல் 73 இடங்களையும் பெற்று ஆட்சியில் அமர்ந்தது.

சட்டம் வேடிக்கை பார்க்கவில்லை. ஆனால் மெதுவாக நடந்தது. 1987 விலே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதற்காக, சேனா வேட்பாளர் ரமேஷ் பிரபுவின் வெற்றி செல்லாது என்று 1989இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது 1995 டிசம்பரில். அதற்குள் சேனா ஆட்சிக்கே வந்துவிட்டது. தாக்கரேயின் வாக்குரிமை ஆறு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது 1999இல். அறுவடை முடிந்த வயலுக்குக் காவல் போட்டது போலாயிற்று அது.

இக்காலத்தில் தாராவித் தமிழரின் சொந்த ஊர்களிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அம்மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981இல் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது, தேசிய அளவில் இந்து அமைப்புகளின் பரப்புரைக்குப் பொருளானது. மறு ஆண்டு குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து கிறித்தவ மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. 1984இல் அங்குள்ள பத்மநாபபுரம் தொகுதியில் இந்து முன்னணி வேட்பாளர் சுயேச்சையாக வென்றார். அங்கும் இதே விதிதான் செயல்பட்டது. இரு சமயத்தாரும் ஏறக்குறையச் சம அளவில் வாழும் குமரியில் உள்ளூர்ப் பிணக்கு இருந்தது. அதனால் வாக்கு விளைந்தது. மீனாட்சிபுரம் அமைந்த நெல்லைச் சீமையிலோ அந்நாளில் அப்படி விளையவில்லை. தொலைவிலிருந்து கொண்டுவரும் வெறுப்பு, உள்ளூர்ச் சண்டை ஒன்றைப் பற்றிக்கொண்டால்தான் தேர்தலில் உயிர் பெறுகிறது.

ஆக, எண்பதுகளின் முடிவில் தாராவித் தமிழனை நகரமும் ஊரும் ஒருசேர ‘இந்து’ என்று அழைத்தன. நேற்றுவரை ‘மதராசி’யாக இருந்தவனுக்கு அது பதவி உயர்வு போலவே தோன்றியிருக்கும். அதற்கான விலை 1992 டிசம்பரில் தெரிந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளில் தாராவியில் சேனாவினர் வெற்றிச் சைக்கிள் ஊர்வலம் நடத்தியதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. அம்மாதமும் அடுத்த மாதமும் நகரில் 900 பேர் இறந்தனர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். தோல் பதனிடும் தொழிலால் தாராவியை வளர்த்தவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. 1966இல் தமிழர் என்பதற்காக அஞ்சியவர்கள், இப்போது முஸ்லிம் என்பதற்காக அஞ்ச நேர்ந்தது. ஒரே தெருவில் ஒரே மொழி பேசிய இருவருள் ஒருவருக்கு மட்டும் மன்னிப்பு வழங்கப்பட்டது.

அந்த மன்னிப்பு எதன்மேல் நிற்கிறது என்பதுதான் மும்பைத் தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டியது. ‘மதராசி’ மீதான வெறுப்பு தவறு என்று எந்த மேடையிலும் திரும்பப் பெறப்படவில்லை. அதைவிட அதிக வாக்குத் தரும் வெறுப்பு ஒன்று கிடைத்ததால் அது ஒதுக்கி வைக்கப்பட்டது, அவ்வளவே. 2008இல் நவநிர்மாண் சேனாவினர் வட இந்தியரைத் தாக்கியபோது, அடிபட்டவர்களுள் பெரும்பாலோர் இந்துக்களே. ‘இந்து’ என்ற சொல் அவர்களைக் காக்கவில்லை. பிறனொருவன் எதிரியாக இருக்கும்வரை மட்டுமே செல்லுபடியாகும் உறவை உறவென்று நம்புவதற்கில்லை. பட்டியல் தயாரிக்கும் கை எஞ்சியிருக்கும்வரை, அதில் எந்தப் பெயர் எழுதப்படும் என்பதை அடுத்த தேர்தலின் தேவையே முடிவு செய்யும்.