எருக்கூடை சுமந்தவர்களின் வரலாறு

எங்க ஆயா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டாய் கூட்டி அள்ளியவள். விடியறதுக்கு முன்னாலேயே போயிடணும். ராத்திரி மாடுகளுக்கு அடியில் பரப்பிய வைக்கோல் கூளமும் வேர்க்கடலைக் கொடியும் சாணியிலும் மூத்திரத்திலும் ஊறிக் கிடக்கும். அதை வாரிக் கூடையில் போட்டு, சும்மாடு கட்டித் தலையில் தூக்கி, எருக்குழியில் கொட்டணும். மழைக்காலத்தில் கூடையிலிருந்து ஒழுகுவது நெற்றி வழியாக வாய்க்கு வரும். 'வாயத் தொறக்காம நடக்கக் கத்துக்கணும்டி' என்பாள். கூலி, பழைய சோறும் ஒரு படி கேழ்வரகும்.

எரு தயாரிப்பின் வரலாற்றில் ஆயா இல்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் இருக்கிறார். 1905இல் ஆங்கில அரசின் தாவரவியலாளராக வந்தவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து அவர் உருவாக்கியதை 'இந்தூர் முறை' என்று உலகமே படிக்கிறது. அந்த முறை தொடங்குவது எங்கே? மாட்டுக்கொட்டாய்த் தரையில்தான். சருகு, களை, பயிர்த்தாள் எல்லாம் கலந்து மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பினார்கள். பருத்திமார் போலக் கட்டையாக இருப்பதை முதலில் பாதையில் போட்டு வண்டிச்சக்கரத்தில் நசுக்கினார்கள். மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து வீணாகாமல் கூளமும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காலையில் அதைச் சாணியோடும் சாம்பலோடும் சேர்த்து, 30 அடி நீளம், 14 அடி அகலம் கொண்ட குழியில் அடுக்கி, மூன்று தடவை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் எரு.

இந்திய விவசாயிகளே தன் ஆசிரியர்கள் என்று ஹோவர்ட் எழுதினார். அந்த நேர்மையை மறுக்கவில்லை. ஆனால் 'விவசாயி' என்கிற அந்தச் சொல்லுக்குள் கொட்டாய் கூட்டியவள் வந்தாளா? நிலம் வைத்திருந்தவன் விவசாயி. சாணி அள்ளினவ பறச்சி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அறிவாக எண்ணப்படவே இல்லை.

ஹோவர்ட் தன் பெரிய நூலை வெளியிட்டது 1940இல். சாணியின் அருமையை உலகம் அதில் படித்த அந்தக் காலத்தில், கீழத்தஞ்சைப் பண்ணைகளில் வேலைக்குப் பிந்தி வந்த பண்ணையாளுக்குச் சாணிப்பால் புகட்டிச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பி. சீனிவாசராவும் தோழர்களும் 1940களில் சங்கம் கட்டி, சேரி மக்கள் திரண்டு நின்று போராடிய பிறகுதான் அது நின்றது.

புழுவுக்குக்கூட நம்மைவிட நல்ல இடம் கிடைத்திருக்கிறது. மண்புழு மண்ணை உண்டாக்கும் விதத்தை டார்வின் 1881இல் தனி நூலாகவே எழுதினார். பத்தாண்டு கழித்து, 1891இல், மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை நாங்கூழ்ப்புழுவின் ஓயாத உழைப்பைப் போற்றினார். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்து நானும் நெகிழ்ந்திருக்கிறேன். அதே 1891இல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலமில்லாமல் அடிமைகளாகக் கிடப்பதை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. இந்த அறிக்கையை எந்தத் தமிழ் வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் எங்கள் காலனிக்கு மண்புழு உரப் பயிற்சி வந்தது. சிமெண்டுத் தொட்டி, நிழலுக்குக் கீற்று, ஒரு பை ஆப்பிரிக்கப் புழு. 'பச்சைச் சாணியில் புழுவை விடாதீங்க, சூட்டுல செத்துடும். ரெண்டு மூணு வாரம் மக்கவிட்டு அப்புறம் விடுங்க. ஈரம் காயக்கூடாது, தண்ணி தேங்கவும் கூடாது' என்றார் வந்தவர். சொன்னது சரிதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா சிரித்தாள். 'கைய உள்ள விட்டா சுடக்கூடாது. சுட்டா நாக்குப்பூச்சி அண்டாது. அதுவா ஏறி வந்துச்சின்னா எரு பதமாயிடுச்சின்னு அர்த்தம். இத யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா?'

இது நம் முன்னோர்களின் பாரம்பரியம் என்று முடித்தார் அவர். யார் முன்னோர்? அப்போது ஆயா கேட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது. 'எல்லாஞ் சரிதாம்பா. எரு ஆனப்புறம் எங்க கொட்றது?'

காலனியில் ஒருத்தருக்கும் காணி கிடையாது. பெண்கள் தயாரித்த உரம் மூட்டை கட்டி விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆண்டையின் பேரனும் ஒருவர். இப்போது அவர் இயற்கை விவசாயி.

மண்புழு உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் கையில் நாலு காசு புரள்வது நல்லதுதான். ஆனால் எருவுக்கு ஒரு வரலாறு எழுதினால் அதில் கூடை சுமந்த பெண்கள் இருக்கணும். மாணவத் தோழர்களே, உங்கள் சேரியில் கொட்டாய் கூட்டிய கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கூளம் பரப்பினார்கள், பதம் எப்படிப் பார்த்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அப்படியே உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலம் என்று எழுதியிருக்கும் புல எண்களில் இப்போது யார் பயிர் வைக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். எங்க கொட்றது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.