தலைக்கணக்கும் பெயர்க்கணக்கும்

ஊரில் எத்தனை பேர் என்று அறிவது ஒரு காரியம். இன்ன வீட்டில் இன்னார் வாழ்கிறார் என்று எழுதி வைப்பது வேறொரு காரியம். முன்னது குடிமதிப்பு, எண்ணி முடித்ததும் பெயர் மறைந்து தொகை மட்டுமே எஞ்சும். பின்னது பதிவேடு; அதற்குப் பெயரே உயிர். வாயிலில் வந்து நிற்கும் கணக்கரைக் கண்டதும் நாம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு விடுகிறோம். நம்மைக் குறை கூறுவதற்கில்லை. 1951-இல் அரசாங்கமே இரண்டையும் ஒருங்கே செய்தது.

சுதந்திர பாரதத்தின் முதற் குடிமதிப்பு அது. பிப்ரவரி 9-ஆம் தேதி தொடங்கி மார்ச் முதல் தேதிச் சூரியோதயம் வரை நடைபெற்றது. அதனை நடத்திய கமிஷனர் ஆர். ஏ. கோபாலசாமி, பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் தலைமைக் காரியதரிசியாக இருந்தவர். பள்ளி ஆசிரியர்களும் கிராம உத்தியோகஸ்தர்களுமாக வீடு வீடாகச் சென்று ஆளுக்கொரு சீட்டு எழுதினர். அச்சீட்டுகளைக் கொண்டே, கிராமந்தோறும், நகர வட்டாரந்தோறும், வீட்டிலக்க வரிசைப்படி தேசியக் குடிமக்கள் பதிவேடு பெயர்த்தெழுதப்பட்டது. தொகையோ ஏறத்தாழ 36 கோடி, அத்தனையும் கையெழுத்து! எழுத்தறிந்தோர் ஐவரில் ஒருவர்கூட இல்லாதிருந்த நாட்டில் இது சிறு முயற்சியன்று.

எழுதியது பெரிது, காத்தது சிறிது. பிறந்தோரைச் சேர்த்து, இறந்தோரை நீக்கி, குடிபெயர்ந்தோரை இடமாற்றி எழுதிவந்தாலன்றிப் பதிவேடு விரைவிலேயே பழங்கணக்காகிவிடும். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-இல்தான். ஆகவே பெரும்பாலான ராஜ்யங்களில் அவ்வேடுகள் மறக்கப்பட்டன.

அஸ்ஸாமில் மட்டும் அவை மீண்டும் திறக்கப்பட்டன. தாமோ தம் முன்னோரோ 1971 மார்ச் 24-ஆம் தேதி நள்ளிரவுக்கு முன்னரே இந்நாட்டில் இருந்தனர் என்று காட்ட, 1951-ஆம் ஆண்டு ஏடும் ஒரு சான்றாக ஏற்கப்பட்டது. சில இடங்களில் ஏடே கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டு 31-இல் வெளியான பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. குடிமதிப்புக்குச் சொன்ன விவரம் இரகசியம், வழக்கில் சான்றாகாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. அந்த நம்பிக்கையில் சொல்லிய விடைகளிலிருந்து எழுந்த ஏட்டிலேயே பேரப்பிள்ளைகள் தங்கள் உரிமையைத் தேட நேர்ந்தது. இது நமக்கு நெருடலாகவே தோன்றுகிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அஸ்ஸாமில் குடியேறிய பிற மாநிலத்தார் அளித்த ஆவணங்கள் சரிபார்ப்பதற்காக அவரவர் சொந்த மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. பலவற்றுக்குக் காலத்தில் மறுமொழி வரவில்லை. பிறந்த ஊரில் ஒரு தாள், பிழைக்கும் ஊரில் ஒரு தாள் என்று வாழ்பவருக்கு இது புதிதன்று.

2003-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் 2010-இல் எழுதப்பட்ட தேசிய மக்கள்தொகைப் பதிவேடு வேறொரு முறையைக் கொண்டது. ஓரிடத்தில் ஆறு மாதம் வாழ்ந்தவரும், இனி ஆறு மாதம் வாழக் கருதியவரும் அவ்விடத்து வாசியே. பூர்வீகம் எதுவாயினும் சரி. எனவே தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் தாராவிக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டியவர். அவ்வேடு 2015-இல் புதுப்பிக்கப்பட்டது. 2020-இல் நிகழவிருந்த திருத்தம் கொள்ளைநோயால் ஒத்திவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தாராவியை விட்டுப் புனேக்குப் போனவர், அந்த ஏட்டில் தாராவியிலேயே இருந்தார்.