அகஸ்டஸின் ஒரே மகள்

ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் தன்னை அரசன் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. செனட் சபை வழங்கிய அதிகாரங்களின் பெயரால் ஆண்டவர் அவர். அவற்றைப் பிள்ளைக்கு எழுதிவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே தனக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவர் கல்யாணங்களைக் கொண்டே விடை தேடினார். அதற்கு அவரிடம் இருந்தவர் ஒரே மகள் ஜூலியா. கி.மு. 2-இல் அந்த மகளையே நாடு கடத்தினார். ஒழுக்கக்கேடு என்று அன்று சொல்லப்பட்ட காரணமே இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜூலியாவின் திருமணங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தக் காரணம் போதாது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு வயதில் மார்க் அந்தோணியின் மூத்த மகனுக்கு ஜூலியா நிச்சயிக்கப்பட்டார். அந்தோணியோடு இருந்த கூட்டு பகையாக மாறியது, அந்தப் பையனை அகஸ்டஸே கி.மு. 30-இல் கொல்லச் செய்தார். கி.மு. 25-இல், 14 வயதில், ஜூலியா தம் அத்தை மகன் மார்செல்லஸை மணந்தார். இரண்டே ஆண்டில் கணவர் இறந்தார். அடுத்து, தந்தையின் வயதுடைய தளபதி அக்ரிப்பா. இதற்காக அக்ரிப்பா, அகஸ்டஸின் அக்காள் மகளான தன் மனைவியை விலக்கினார். ஐந்து பிள்ளைகள் பிறந்தன. மூத்த மகன்கள் காயஸையும் லூசியஸையும் பாட்டனாரே தத்தெடுத்தார். கி.மு. 12-இல் அக்ரிப்பா இறந்ததும் மாற்றாந்தாய் லிவியாவின் மகன் திபேரியஸ் கணவரானார். அவர் தம் மனைவி விப்சானியாவோடு மனமொத்து வாழ்ந்தவர். விப்சானியா அப்போது கர்ப்பிணி. பின்னாளில் ஒருமுறை அவரைக் கண்ட திபேரியஸ் கண்ணீரோடு பார்த்து நின்றதாகவும், இருவரும் மறுபடி எதிர்ப்படாதபடி ஏற்பாடு செய்யப்பட்டதாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். இந்தக் கல்யாண ஏற்பாடுகள் சிதைத்த வாழ்வு ஜூலியாவுடையது மட்டுமல்ல.

ரோமானியப் பிரபுக்களிடம் இது பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். ஜூலியஸ் சீசரும் தம் மகளைத் தளபதி பாம்பேயிக்குக் கட்டிக்கொடுத்தார். ஆனால் அந்தக் கல்யாணம் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைத்தது. அகஸ்டஸின் கல்யாணங்கள் அதிகாரம் ஒரே குடும்பத்தைவிட்டு வெளியேறாதபடி பூட்டின. அப்படிப்பட்ட நிலையில் ஜூலியாவை அடுத்து மணப்பவர் இரண்டு வாரிசுகளுக்கும் மாற்றாந்தந்தை ஆகிவிடுவார்.

கி.மு. 2-இல் திபேரியஸ் ரோட்ஸ் தீவுக்கு ஒதுங்கி நான்காண்டு ஆகியிருந்தது. ஜூலியாவோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவர்களில் ஒருவர் இயுல்லஸ் அந்தோனியஸ், அதே மார்க் அந்தோணியின் இளைய மகன். அகஸ்டஸே கி.மு. 18-இல் கொண்டுவந்த சட்டம் முறைகேடான உறவுக்குத் தீவாந்தரமும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. மகளென்றும் பாராமல் அதைச் செயல்படுத்தினார் என்பது அவர் பக்கத்து வாதம். ஆனால் அப்படிப் பேசப்பட்ட இன்னொருவரான செம்ப்ரோனியஸ் கிராக்கஸ் அன்று நாடுகடத்தலோடு தப்பினார். இயுல்லஸின் உயிரே போயிற்று. அகஸ்டஸ் இந்த உறவை ராஜத்துரோகமாக்கித் தம் சட்டத்தையே மீறினார் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் சொல்வது இங்கே முக்கியம். தந்தையைக் கொல்லச் சதி நடந்தது என்ற ரோமானிய எழுத்தாளர் பிளினியின் வார்த்தையை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை; போகிறபோக்கில் எழுதிய குறிப்பு அது. சதியே இல்லாவிட்டாலும் அந்தோணியின் மகன் வாரிசுகளின் தாயருகே நிற்பது ஒன்றே போதுமான ஆபத்து.

வாரிசுகளின் தாய் என்ற ஜூலியாவின் இடம் பறிபோனதை நாணயங்களும் காட்டுகின்றன. கி.மு. 13-இல் ரோமில் அச்சான வெள்ளிக்காசில் ஜூலியாவின் தலை நடுவிலும் மகன்கள் இருபுறமும் இருக்கிறார்கள். கி.மு. 2 முதல் லியோன் நகரில் அச்சான காசில் மகன்கள் மட்டும் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்கிறார்கள். தமிழகத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளிலும் இந்த வகை ஏராளம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயை மட்டும் விலக்க முடியும் என்று அகஸ்டஸ் நம்பினார்.

காயஸும் லூசியஸும் கி.பி. 4-க்குள் இறந்தனர். பண்டதேரியா தீவிலிருந்து ரேஜியத்துக்கு மாற்றப்பட்ட ஜூலியா கி.பி. 14-இல், தந்தை இறந்த அதே ஆண்டில், இறந்தார். தம் கல்லறையில் மகளுக்கு இடமில்லை என்று அகஸ்டஸ் எழுதிவைத்திருந்தார். ஆனால் ஜூலியாவின் ரத்தத்துக்கு இருந்த மதிப்பு போகவில்லை. கி.பி. 49-இல் பேரரசர் கிளாடியஸ், ஜூலியாவின் பேத்தி அக்ரிப்பினாவை மணந்தார். அண்ணன் மகளை மணக்க ரோமில் தடை இருந்ததால் செனட் தனித் தீர்மானமே போட்டது. அக்ரிப்பினா வேறு வீட்டுக்குப் போனால் சீசர்களின் பெருமையும் கூடவே போய்விடும் என்பது கிளாடியஸுக்குச் சொல்லப்பட்ட யோசனை. மறு ஆண்டே, சொந்த மகன் பிரிட்டானிகஸ் இருக்கும்போது, அக்ரிப்பினாவின் மகன் நீரோவை அவர் தத்தெடுத்தார்.