நன்றி சொல்லும் சிறுதாள்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் துணையாகச் சிவகாசியில் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. சிறுபடத்தில் பெருஞ்செய்தியை அடக்கும் கலை அறிந்த இவ்வூருக்கு, அஞ்சல்தலையின் ஆற்றலை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கடலில் தத்தளிப்போரை மீட்கும் சங்கங்கள் 1824இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் தோன்றின. நூற்றாண்டு நிறைவில், 1924இல், நெதர்லாந்து அப்பணிக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. 1963இல் எடின்பரோவில் கூடிய பன்னாட்டு உயிர்காப்புப் படகு மாநாட்டையொட்டிப் பிரிட்டன் மூன்று தலைகளை வெளியிட்டது. டேவிட் ஜென்டில்மேன் வரைந்த அவற்றுள் ஒன்றில் படகின்மேல் ஹெலிகாப்டர். ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படகு. மற்றொன்றில் படகு வீரர்கள். அரசியின் முகம் பொறிக்கும் தாளில் பெயரறியா மீட்பர்களும் இடம்பெற்றனர்.

இவை கடல்சார் நாடுகளின் நன்றிக்கடன். விருதுநகர்ச் சீமையோ வானம் பார்த்த கரிசல் பூமி. இங்கு உயிர் கொள்ளும் நீர் கிணறும் கண்மாயும். இடுப்பில் சுரைக்குடுவை கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியோரும், கயிறு வீசி மீட்டோருமே இம்மண்ணின் உயிர்க்காவலர். கிணறுகள் வற்ற, அப்பழக்கமும் அருகியது. கண்மாய் நிறையும் ஆண்டில் நீந்தத் தெரியாப் பிள்ளைகள் கரையில் நிற்கின்றனர்.

சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2021இல் அறிவித்தது. அவ்வாண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கயிறு வீசிய கையைத் தீப்பெட்டிப் படமாகவேனும் சிவகாசி அச்சிடலாம். அதற்குரிய சொல்லைத் தருதல் கவிஞர் கடன்.