ஊரில் இல்லாதவனின் வீடு: விபசாரத்தின் விளைவுகள் பற்றிய விவிலியப் போதனை, முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு வாசிப்பு

1. கட்டளை வந்து சேர்ந்த கரை

வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரையுள்ள முத்துக்குளித்துறைப் பரதவர், 1530களின் நடுவில் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். திருமுழுக்கு வந்த வேகத்தில் போதனை வரவில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அதிகம் தெரிந்திருக்கவில்லை. தமிழறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் அவர் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். ஞாயிறுதோறும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அவர் சொல்ல, மக்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும், அதைக் காத்து நடக்க அருள் வேண்டி ஒரு மன்றாட்டு உண்டு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே இதை விவரிக்கிறார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் தமிழ் நூலை அச்சிட்டார். விபசாரத்தைத் தடை செய்யும் கட்டளை இக்கரையின் நாவில் ஏறி ஏறத்தாழ 480 ஆண்டுகள் ஆகின்றன. கத்தோலிக்கர் அதை ஆறாம் கட்டளை என்கிறார்கள். அதே தூத்துக்குடியில் தென்னிந்தியத் திருச்சபையினர் ஏழாம் கட்டளை என்கிறார்கள். எண்ணில்தான் வேறுபாடு.

விபசாரத்தால் வரும் கேட்டை மறையுரைகள் பெரும்பாலும் தனிமனிதனின் தூய்மைக்கேடாகவே விளக்குகின்றன. விவிலியம் முதன்மையாகக் காட்டுவது அதை அல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு. எதிரில் இல்லாத ஒருவர் நம்பி விட்டுச்சென்றதைச் சூறையாடுவது என்றே அது விபசாரத்தை வரைகிறது. அதனால்தான் அதன் விளைவுகள் செய்தவரோடு நிற்பதில்லை. ஆண்கள் ஊரில் இல்லாத நாட்களைக் கணக்கிட்டே வாழ்ந்த ஒரு கரை இதை மற்றவர்களைவிடத் தெளிவாகப் படிக்க முடியும்.

2. மூன்று வீடுகள்

விபசாரத்தை விரித்துப் பேசும் மூன்று முக்கியப் பகுதிகளை அருகருகே வைத்தால் ஒரு பொதுக்கூறு கண்ணில் படும். மூன்றிலும் கணவன் வீட்டில் இல்லை.

தொடக்கநூல் 39ஆம் அதிகாரத்தில் போத்திபாரின் மனைவி யோசேப்பை அழைக்கிறாள். அவன் முதலில் எடுத்துவைக்கும் மறுப்பு தன் கற்பைப் பற்றியதல்ல. தலைவர் தம் வீட்டில் எதையும் கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றையும் என் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்கிறான். கடவுளுக்கு எதிரான பாவம் என்பதை அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகவே சொல்கிறான்.

நீதிமொழிகள் 7ஆம் அதிகாரம் துறைமுகத்தார் நிறுத்திப் படிக்கவேண்டிய பகுதி. அங்கே கணவன் ஒரு வணிகப் பயணி. பணப்பையோடு நெடுந்தொலைவு போயிருக்கிறான், முழுநிலா நாளில்தான் திரும்புவான் என்று மனைவியே இளைஞனிடம் சொல்கிறாள். பயணியின் திரும்பும் நாள் அங்கே அழைப்பாகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஏறிய ஆண்களின் வீடுகளில் அந்த நாள் எப்படி எதிர்பார்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அவ்வசனத்தின் கொடுமை விளங்கும்.

மூன்றாவது உரியாவின் வீடு. இத்தியனான உரியா தாவீதின் மாவீரர் பட்டியலில் இடம்பெற்றவன். அவன் இராபா முற்றுகையில் இருந்தபோது, அரண்மனை மாடியிலிருந்து பார்த்த தாவீது அவன் மனைவி பத்சேபாவை ஆளனுப்பி வரவழைத்தான். அவள் கருவுற்றதும் அதை மறைக்க உரியாவைப் போர்க்களத்திலிருந்து அழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னான். உடன்படிக்கைப் பேழையும் படையும் கூடாரங்களில் தங்கியிருக்க, படைத்தலைவன் யோவாபு வெட்டவெளியில் இருக்க, நான் மட்டும் வீட்டுக்குப் போவதா என்று உரியா மறுத்துவிட்டான். தன் கூட்டாளிகள்மேல் அவன் வைத்த பற்றே அவன் உயிருக்கு உலையாயிற்று. தன் மரணத்துக்கான மடலைத் தானே சுமந்துபோனான். இக்கதையில் நெஞ்சைப் பிளக்கும் இடம் அதுதான்.

இக்கரையின் தொழிலும் இப்படி ஒரு நம்பிக்கையைக் கேட்டது. முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கும் குளியாளின் மூச்சு, படகில் கயிறு பிடிப்பவன் கையில். சைகை கிடைத்ததும் இழுக்கத் தாமதித்தால் உயிர் போகும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தங்கை தாலியை நினைத்தாவது அவன் கண்ணயர மாட்டான் என்று இக்கரையில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மணவுறவையே தொழிலின் உயிர்க்காப்பாக வைத்த சமூகம் இது. தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்புகள் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டன. ஆனால் சங்கு குளிப்பவர்களும் தங்குகடலுக்குப் போகும் மீனவர்களும் மாதக்கணக்கில் கப்பலில் இருக்கும் மாலுமிகளும் இன்றும் அதே நம்பிக்கையின்மேல்தான் கரையை விட்டு நகர்கிறார்கள். படகும் வலையும் கடனும் உறவுக்குள் பங்காக இருக்கும் குடும்பங்களில், ஒரு மணம் முறிந்தால் படகும் பிரிகிறது.

3. ஈடு கொடுக்க முடியாத இழப்பு

மோசேயின் சட்டம் திருட்டுக்கு விலை வைத்திருக்கிறது. திருடிய மாட்டுக்கு ஐந்து மாடு, ஆட்டுக்கு நான்கு ஆடு என்கிறது விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரம். விபசாரத்துக்கு அப்படி ஒரு விலை எங்கும் இல்லை. நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே பேசுகிறது. பசிக்குத் திருடியவன் ஏழு மடங்கு கட்டி மீளலாம். பிறன் மனைவியிடம் போனவன் எவ்வளவு கொடுத்தாலும் கணவன் அதை ஏற்கமாட்டான், இழிவும் துடைக்கப்படாது. பகை, பாவம், அச்சம், பழி என்ற நான்கும் நீங்கா என்று வள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ அதிகாரத்தில் சொல்வதும் இந்த மீளாமையைத்தான்.

ஆங்கிலேய ஆட்சி இதற்கு நேரெதிராக ஒன்றைச் செய்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம், மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் நட்டஈடு கேட்டு வழக்கிட வழிசெய்தது. கிறிஸ்தவர்களுக்கென்று எழுதப்பட்ட அந்தச் சட்டம், விவிலிய ஞானி விலை இல்லை என்று சொன்ன இடத்தில் விலையை வைத்தது. மனைவியைக் கணவனின் உடைமையாக எண்ணினால்தான் அந்தக் கணக்கே பிறக்கும்.

4. தாவீதின் வீட்டில் நடந்தவை

2 சாமுவேல் 11 முதல் 18 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் படிக்கவேண்டும். துண்டுதுண்டாக வாசகமாகக் கேட்கும்போது அதன் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த உவமையை இறைவாக்கினர் நாத்தான் சொன்னதும், தாவீது சினந்து, அவன் நான்கு மடங்கு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பிடுகிறான். சட்டப்படி சரியான கணக்கு. அந்த மனிதன் நீயே என்று நாத்தான் சொன்ன பிறகு அந்தக் கணக்கு அவன் வீட்டுக்குள்ளேயே ஓடத் தொடங்குகிறது. பிறந்த குழந்தை ஏழாம் நாள் இறக்கிறது. மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுக்கிறான். தாவீது சினம் கொள்கிறான். ஆனால் மகனைத் தண்டிக்கவில்லை. எந்த வாயால் தண்டிப்பான்? தந்தையின் தார்மிக அதிகாரம் அந்த மாடியிலேயே இறந்துவிட்டது. தாமாரின் அண்ணன் அப்சலோம் இரண்டாண்டு பொறுத்திருந்து அம்னோனைக் கொல்கிறான்; பின்னர் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்து அவனும் மடிகிறான். தாவீது சொன்ன நான்கு மடங்கைக் குழந்தை, அம்னோன், அப்சலோம், பின்னாளில் அதோனியா என்று நான்கு மகன்களாக எண்ணும் உரையாசிரியர்கள் உண்டு.

கலகத்தில் அப்சலோமுக்கு ஆலோசனை சொன்னவன் அகித்தோபல். பத்சேபாவின் தந்தை பெயர் எலியாம். அகித்தோபலின் மகன் பெயரும் எலியாம். இருவரும் ஒருவரே என்றால் அகித்தோபல் பத்சேபாவின் பாட்டன். தாவீதின் மறுமனைவியரிடம் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், அரண்மனை மாடியில் கூடாரமிட்டுப் போகும்படி அப்சலோமைத் தூண்டியவன் அவன்தான். மறைவில் செய்தது பட்டப்பகலில் திரும்பி வரும் என்று நாத்தான் சொன்னது இப்படி நிறைவேறியது.

உரியா விழுந்த தாக்குதலில் வேறு வீரர்களும் இறந்தார்கள் என்பதை நூல் மறக்காமல் குறிக்கிறது. அவர்களுக்குப் பத்சேபா யாரென்றே தெரிந்திருக்காது. தாமாருக்கும் அந்த மறுமனைவியருக்கும் தாவீதின் பாவத்தில் எந்தப் பங்கும் இல்லை. இக்கதையில் அதிகம் இழந்தவர்கள் ஒரு தவறும் செய்யாதவர்கள்.

5. தண்டனை யார்மேல் விழுந்தது

லேவியர் 20ஆம் அதிகாரமும் இணைச்சட்டம் 22ஆம் அதிகாரமும் இருவருக்கும் ஒரே தண்டனை விதிக்கின்றன. ஆயினும் அச்சட்டம் முழுச் சமன் கொண்டதல்ல என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். அடுத்தவன் மனைவியிடம் போவதே அங்கு குற்றம். மணமான ஆண் மணமாகாத பெண்ணிடம் போவது அந்த வரையறைக்குள் வராது. எண்ணிக்கை 5ஆம் அதிகாரத்தின் கசப்புநீர்ச் சோதனையும் மனைவிக்கு மட்டும்தான்.

இறைவாக்கினர்கள் இதை உடைக்கத் தொடங்குகிறார்கள். ஆண்களே விலைமாதரிடம் போகும்போது மகள்களைத் தண்டிக்கமாட்டேன் என்று ஓசேயாவின் வழியாகக் கடவுள் சொல்கிறார். இளமையில் மணந்த மனைவிக்கு இழைத்த துரோகத்துக்குக் கடவுளே சாட்சி என்கிறார் மலாக்கி. பலிபீடம் கண்ணீரால் மூடப்பட்டிருக்க, காணிக்கை ஏற்கப்படாது. மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு, மனைவியை விலக்கி வேறொருத்தியை மணப்பவன் தன் மனைவிக்கு எதிராகவே விபசாரம் செய்கிறான் என்கிறார். மனைவியும் துரோகத்தால் காயப்படுபவள் என்று இங்கே சட்டமே திரும்புகிறது. மலைப்பொழிவு அதை ஆணின் பார்வைவரை கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதை ஏற்றால், ‘எதிரில் இல்லாதவர்’ என்பது கணவனை மட்டும் குறிக்காது. அயல்துறையில் கப்பல் கட்டியிருக்கும் மாலுமிக்கு, இங்கே பிள்ளைகளோடும் கடன் தவணையோடும் இருக்கும் மனைவிதான் எதிரில் இல்லாதவள். கடற்கரை ஊர்களில் பெண்ணைப் பற்றி வாய்க்கு வாய் பேசும் நாம், அந்த ஆணைப் பற்றிப் பேசுவதில்லை. இது விவிலியத்துக்கு முரணான பழக்கம் என்றே நான் சொல்வேன்.

நாட்டின் சட்டமும் இதே கோணலில் நெடுங்காலம் நின்றது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவியின் விபசாரம் மட்டுமே கணவனுக்கு மணமுறிவு பெறப் போதும். மனைவிக்கோ கொடுமை, கைவிடல் போன்ற வேறொரு குற்றமும் சேரவேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இருவரையும் சமமாக்கியது. பிறன் மனைவியோடு உறவு கொள்வதைச் சிறைக்குரிய குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, கணவன் இசைந்தால் குற்றமே இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27இல் அதை நீக்கியது. மணமுறிவுக்கான காரணமாக விபசாரம் இன்றும் நிற்கிறது. சிறைத்தண்டனை நீங்கியதை நாம் இழப்பாகக் கருதவேண்டியதில்லை. யோவான் 8ஆம் அதிகாரத்தில் கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை மட்டும் கொண்டுவருகிறார்கள். அந்த ஆண் எங்கே? அவர்கள் மேற்கோள் காட்டிய சட்டமே அவனையும் கேட்கிறது. இயேசு கல்லெறிவதைத் தடுக்கிறார்; அவளுக்குத் தீர்ப்பிடாமல், இனிப் பாவம் செய்யாதே என்று அனுப்புகிறார். தண்டனையைத் தள்ளியவர் அச்செயலைச் சிறிதாக்கவில்லை.

6. மன்னிப்பும் விளைவும்

தாவீது ஒப்புக்கொண்ட உடனே மன்னிப்புக் கிடைத்தது. அவன் சாகவில்லை. ஆனால் நாத்தான் அறிவித்த விளைவுகளில் ஒன்றுகூட ரத்தாகவில்லை. கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தன மரபு, குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் பரிகாரம் செய்யவேண்டும் என்று கற்பிப்பது இந்த வேறுபாட்டின் மேல்தான். பிளந்த குடும்பத்தோடு ஆலோசனைக்கு உட்காரும் பங்குத்தந்தையர் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆண்டவர் மன்னித்துவிட்டார், நீயும் மறந்துவிடு என்று காயப்பட்டவரை அவசரப்படுத்துவது போதனையல்ல. காயப்பட்டவருக்குக் காலம் வேண்டும். பிள்ளைகளுக்கு உண்மையும் பாதுகாப்பும் வேண்டும். தவறியவர் நெடுநாள் நம்பகமாக நடந்து காட்டவேண்டும்.

புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் மத்தேயு, இயேசுவின் தலைமுறை அட்டவணையை எழுதுகிறார். தாமார் (தாவீதின் மகளல்ல, முன்னோரான வேறொரு தாமார்), இராகாபு, ரூத்து என்று பெண்களைப் பெயர் சொல்லிக் குறித்தவர், சாலமோனின் தாயிடம் வரும்போது பத்சேபா என்று எழுதவில்லை. உரியாவின் மனைவியிடம் தாவீதுக்குச் சாலமோன் பிறந்தார் என்கிறார். அந்த மரபில் ஒரு துளி இரத்தமும் இல்லாத உரியாவின் பெயர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் மெசியாவின் வம்ச வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது.